தரகர் இல்லாமல் வீட்டுக்குக் குடித்தனக்காரரைத் தேடுவது எப்படி?

சென்னையில் தரகர் மூலம் வீட்டை வாடகைக்கு விட்டால், குடிவருபவர் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுக்க நேரிடும்; சில தரகர்கள் வீட்டுக்காரரிடமும் கேட்பார்கள். அந்தச் செலவு மிச்சமாவது ஒருபுறம் இருக்க, வருபவரிடம் நாமே பேசிப் பார்க்க முடிகிறது என்பதால்தான் எங்கள் மாடிப் போர்ஷனுக்கு நானே ஆள் தேடிக்கொள்கிறேன்.

இருப்பவர் காலி செய்வதாகச் சொன்ன அன்றே தேடலைத் தொடங்கிவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிக் குடிபுகப் பலரும் விரும்புவதில்லையாதலால், ஜூலை நடுவில் காலியாகும் வீடு ஆவணி பிறக்கும்வரை பூட்டியே கிடக்கக்கூடும். பிள்ளைகளின் பள்ளியை ஒட்டி வீடு தேடும் குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களில் அதிகம்.

வாசலில் டு-லெட் பலகை, நோபுரோக்கர் போன்ற ஒரு தளத்தில் விளம்பரம், இரண்டும் வேண்டும். வாடகை, அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், எத்தனையாவது மாடி, வண்டி நிறுத்த இடம், மெட்ரோ வாட்டரா போர் தண்ணீரா என்பதை எல்லாம் விளம்பரத்திலேயே எழுதிவிட்டால், பாதி அழைப்புகள் தாமாகவே குறைந்துவிடும். தனி ஈபி மீட்டர் இல்லாமல் சப்-மீட்டர்தான் என்றால், யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இதில் தொடங்கியவைதான்.

விளம்பரம் வந்த சில மணி நேரத்திலேயே, தாம் ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகி வருவதாகவும் வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புவதாகவும் சொல்லி ஒருவர் அழைக்கலாம். அவர் அனுப்பும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து யூபிஐ பின் எண்ணை அழுத்தினால், பணம் போவது உங்கள் கணக்கிலிருந்துதான். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை.

ஆதாரையும் சம்பளச் சீட்டையும் விட, முன்பு அவர் குடியிருந்த வீட்டுக்காரரின் பேச்சையே நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் தற்போதைய வீட்டுக்காரரிடம் மட்டும் விசாரித்தால் போதாது. ஆள் போனால் சரி என்று நினைப்பவர் தாராளமாகப் புகழ்வார். அதற்கும் முந்தைய வீட்டுக்காரரிடம், வாடகை எந்தத் தேதியில் வந்தது, போகும்போது எத்தனை நாள் முன்னதாகச் சொன்னார் என்று கேளுங்கள். வீடு பார்க்க வரும்போதே சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்து, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பவர் தொல்லை தருவாரோ என்று பயப்பட வேண்டாம். என் அனுபவத்தில், அப்படிக் கேட்டவர்களே அதிக காலம் இருந்தார்கள்.

ஆள் முடிவானதும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்ளுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இருவரும் வேறு விதமாக உடன்பட்டிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் நல்ல ஆட்கள் விலகிப்போவார்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். குடியிருப்பவரின் விவரத்தை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வருமான வரிச் சலுகைக்காக அவர் உங்கள் பான் எண்ணைக் கேட்பார். அதைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

சாவியைக் கொடுக்கும் நாளில் இருவருமாக மீட்டர் பெட்டியின் முன் நின்று ரீடிங்கைப் படமெடுத்து, மின்விசிறிகள், கீசர், குழாய்கள், சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணி ஓட்டைகள் வரை ஒரு தாளில் குறித்து, இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள்.