டியூட்டி நேரம் மாறிக்கொண்டே இருந்தாலும் தினமும் வேதம் வாசிக்க

அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வேதாகமம் வாசியுங்கள் என்று சபையில் அடிக்கடி சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் இரவு முழுக்க வார்டில் நின்றுவிட்டுக் காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து சேர்கிறவருக்கு அது உதவாது. நான் நாகர்கோவிலில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஒரு வாரம் காலை டியூட்டி, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து நைட். எங்கள் தெருப் பெண்கள் புதன்கிழமை சாயங்காலம் கூடும் வேதபாடத்தையும் பல வருடமாக நடத்தி வருகிறேன். வருகிறவர்களில் முந்திரித் தொழிற்சாலைக்குப் போகிறவர் உண்டு, துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர் உண்டு, கைக்குழந்தை வைத்திருக்கிறவர் உண்டு. கடிகாரம் பார்த்து உட்காரும் வசதி எங்களில் யாருக்கும் கிடையாது. இருந்தும் பலர் தினமும் வாசிக்கிறார்கள். அவர்களை வேதத்தோடு பிடித்து வைத்திருப்பது கேள்விகள். நேற்று வாசித்ததில் ஒரு கேள்வி மனதில் கிடந்தால், இன்று புத்தகத்தைத் திறக்கச் சொல்லி யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தக் கேள்விகளை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே விளக்கமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் நேரம். மணியை மறந்துவிடுங்கள். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் நீங்கள் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு வாசிப்பைச் சேர்த்துவிடுங்கள். நான் குளித்து உடை மாற்றியதும் உட்கார்ந்துவிடுவேன். நைட் டியூட்டி வாரத்தில் அது காலை ஒன்பது மணியாக இருக்கும், காலை டியூட்டி வாரத்தில் மாலை நான்காக இருக்கும். குளியல் மட்டும் மாறாது. முந்திரி ஆபீசுக்குப் போகும் தங்கை ஒருத்தி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரத்தைக் கழுவி வைத்ததும் வாசிக்கிறாள். வேதாகமத்தை இலவசமாகக் கொடுக்கும் கிதியோன் சங்கத்தாரின் சின்னப் புதிய ஏற்பாடு அவள் பையிலேயே இருக்கும். அதில் சங்கீதமும் நீதிமொழிகளும் சேர்ந்திருப்பதால் நாள் வாசிப்புக்கு அதுவே தாராளம். கைபேசியில் வாசிக்கிறவர்கள் அந்த நேரத்துக்கு நெட்டை அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப் சத்தம் கேட்டபடியே தியானம் செய்ய யாராலும் முடியாது.

அப்புறம், எங்கிருந்து தொடங்குவது? வருடப் பிறப்பு ஆராதனை முடிந்து வந்ததும், இந்த வருடம் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிப்பேன் என்று ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று அதிகாரத்துக்கு மேல் வாசிக்க வேண்டும். அந்தக் கணக்கில் போனால் ஜனவரி நான்காம் வாரத்தில் யாத்திராகமம் 25-க்கு வந்துவிடுவீர்கள். இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகள், கொக்கிகள், முழ அளவுகள். அதைத் தாண்டினால் ஜனவரி முடியும்போது லேவியராகமம், பலிகளின் ஒழுங்குகள். அந்தப் பகுதிகள் எனக்கு மிகவும் பிரியமானவை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் தனியாக, அவசரமாக, மூன்று அதிகாரக் கணக்கில் அதைக் கடக்க நினைத்தால் பிப்ரவரியில் புத்தகம் மூடிவிடும். குழுவில் ஒவ்வொரு வருடமும் இதைப் பார்க்கிறேன்.

ஆகவே மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். மொத்தம் 16 அதிகாரங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் சிறியது. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு வசனம் வாசித்தாலும் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முடியும். சம்பவங்கள் அடுத்தடுத்து வருவதால் களைப்பான நாளிலும் மனம் அதில் நிற்கும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு அதிகார எண்ணைப் பார்க்காதீர்கள். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களை ரொபேர் எத்தியென் என்ற அச்சகர் 1551-இல்தான் போட்டார். எழுதியவர்கள் அந்த எல்லைகளை வைக்கவில்லை. சம்பவம் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். மாற்கு 5-இல் யவீருவின் மகளும், பெரும்பாடு என்னும் இரத்தப்போக்குள்ள பெண்ணும் வரும் பகுதி 21-ஆம் வசனத்திலிருந்து 43 வரை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியது. பாதியில் விட்டால், அந்தப் பெண் 12 வருடம் வேதனைப்பட்டாள், அந்தச் சிறுமிக்கு வயது 12 என்று இரண்டும் சேர்ந்து நிற்பது கண்ணில் படாது. படவில்லையென்றால் ஏன் என்ற கேள்வியும் வராது.

இனி கேள்விகளுக்கு வருவோம்.

நோயாளியின் சார்ட்டில் முதலில் கண்டதை எழுத வேண்டும் என்று எங்களுக்குப் படிக்கும்போதே பழக்குவார்கள். காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு, மூச்சு எப்படி, நோயாளி சொன்னது என்ன. என்ன நோய் என்ற பேச்சு அதற்குப் பிறகு. வேத வாசிப்பிலும் இதே ஒழுங்கைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். "இந்த வசனம் எனக்கு என்ன சொல்கிறது?" என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஏற்கெனவே மனதில் இருப்பதுதான் திரும்பி வரும். "இங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்பதை முதலில் கேளுங்கள்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்களை எடுத்துக்கொள்வோம். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசலில் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். கைகால் விழுந்துபோன திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். உள்ளே போக வழியில்லாததால் கூரையைப் பிரித்து அவனை இறக்குகிறார்கள். ஞாயிறு பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரிந்த சம்பவம். தெரிந்தது என்பதால்தான் மெதுவாக வாசிக்க வேண்டும். யார் யார் இருக்கிறார்கள் என்று நோட்டில் ஒரு வரிசை எழுதுங்கள்: இயேசு, கூட்டம், நான்கு பேர், திமிர்வாதக்காரன், வேதபாரகர் என்ற யூத வேத அறிஞர்கள். ஒவ்வொருவரும் என்ன செய்தார், என்ன பேசினார் என்று பக்கத்தில் குறியுங்கள்.

இப்படி எழுதும்போது சில விஷயங்கள் தானாகத் தெரியவரும். திமிர்வாதக்காரன் இந்தப் பகுதி முழுவதிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. சுமந்து வந்த நான்கு பேரும் பேசவில்லை. வேதபாரகர் மனதுக்குள்தான் சிந்திக்கிறார்கள், ஆனால் இயேசு அதற்கும் பதில் சொல்கிறார். ஐந்தாம் வசனத்தில் இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றிருக்கிறது. சுகமாக்குவதற்கு முன் பாவ மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார்.

கண்டதை எழுதியாயிற்று. அதிலிருந்து இரண்டாவது வகைக் கேள்விகள் பிறக்கும். யாருடைய விசுவாசம் அது? படுத்திருக்கிறவனுடையதும் அதில் சேருமா? நடக்க முடியாதவனிடம் மன்னிப்பை முதலில் பேசுவானேன்? கூட்டம் வழிவிடாமல் நின்றது எதனால்? இந்தக் கேள்விகளோடு அதே பகுதியைத் திரும்ப வாசியுங்கள். இரண்டாவது வாசிப்பில்தான் உண்மையான ருசி இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் பிடிபடாவிட்டால் இன்றைய தமிழில் உள்ள பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவதாகத்தான் நம்மைப் பற்றிய கேள்வி. இந்தப் பகுதியில் நான் யாராக நிற்கிறேன்? சுமக்கிறவளாகவா, சுமக்கப்படுகிறவளாகவா, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறவளாகவா? குழுவில் இதைக் கேட்டபோது, மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி, "அக்கா, எனக்கு நாலு பேரில ஒருத்தியா இருக்கத்தான் ஆசை. ஆனா மத்த மூணு பேர் எங்க?" என்றாள். எந்த விளக்கவுரையும் அங்கே தேவைப்படவில்லை. அடுத்த நாளிலிருந்து தெருப் பெண்கள் முறை போட்டு அவள் வீட்டுக்குப் போனார்கள்.

கடைசியில் ஒரே ஒரு வரி: நாளைக்குள் என்ன செய்வேன்? இந்த வரியில் ஒரு ஆளும் ஒரு வேளையும் இருக்க வேண்டும். "பொறுமையாக இருப்பேன்" என்று எழுதினால் பொறுமையாக இருந்தோமா என்று நாளைக்குச் சொல்ல முடியாது. "ஏழாம் படுக்கை ஐயாவின் மகள் அதே சந்தேகத்தைத் திரும்பக் கேட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வேன்" என்று எழுதினால் சொல்ல முடியும். மறுநாள் நோட்டைத் திறந்ததும் முதல் வேலை, அந்த வரியைப் பார்த்து நடந்ததா இல்லையா என்று ஒரு குறி போடுவது.

இதற்கெல்லாம் ஒரு 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். தேதி, பகுதி, கண்டது, கேள்வி, நாளைக்கு. நான்கைந்து வரிக்கு மேல் வேண்டாம். அழகாக எழுதத் தொடங்கினால் எழுத்திலேயே கவனம் போய்விடும்.

கேள்விகளிலும் தள்ள வேண்டியவை உண்டு. "நாம் பிறரிடத்தில் அன்பாயிருக்க வேண்டுமா?" என்பது வாசிக்காமலே ஆம் என்று பதில் சொல்லிவிடக் கூடியது. அச்சடித்த வேதபாடத் தாள்களில் இந்த மாதிரி நிறைய வருகிறது, விட்டுவிடுங்கள். பதிலுக்காக விரல் வசனத்துக்கு மேல் திரும்பப் போக வேண்டும், அதுதான் நல்ல கேள்வி. அதே மாதிரி, வாசிக்கும்போது "இதை என் வீட்டுக்காரர் கேட்க வேண்டும்" என்று தோன்றினால், அவரை விட்டுவிட்டு உங்கள் பெயரை அந்த இடத்தில் போட்டுக் கேளுங்கள்.

சில நாட்களில் எதுவும் தோன்றாது. "எனக்கு ஒண்ணுமே தோணலியேக்கா" என்று புதிதாக வருகிறவர்கள் வருத்தப்படுவார்கள். "தோணாட்டா போட்டு மக்களே, புரியாதத எழுது" என்பேன். நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்காகவே ஒதுக்குங்கள். பதில் கிடைக்காத கேள்விகள் அங்கே போகட்டும். மாற்கு 11-இல் இயேசு அத்திமரத்தைச் சபிக்கிறார். அது அத்திப்பழக் காலம் இல்லை என்று 13-ஆம் வசனமே சொல்கிறது. அப்படியிருக்க ஏன் சபிக்க வேண்டும்? எல்லாருக்கும் இடறும் இடம் இது. கேள்வியை எழுதி வைத்துவிட்டு அடுத்த நாள் தொடர்ந்தால் இயேசு எருசலேம் தேவாலயத்துக்குள் போய் விற்கிறவர்களைத் துரத்துகிறார். அதன் பிறகு 20-ஆம் வசனத்தில் அத்திமரம் திரும்ப வருகிறது, பட்டுப்போயிருக்கிறது. மரத்தின் இரண்டு காட்சிகளுக்கு நடுவில் தேவாலயத்தை மாற்கு வைத்திருப்பது தெரிந்ததும், இலை நிறைந்து கனியில்லாத மரத்தையும் ஆலயத்தையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்குவீர்கள். முந்தின நாள் எழுதிய கேள்விதான் அதைப் பார்க்க வைத்தது. இப்படியும் தீராதவற்றை ஆயரிடம் கேளுங்கள். நோட்டோடு போய்க் கேட்டால் எந்த ஆயரும் சந்தோஷப்படுவார்.

வார்டில் ஒரு மரணம் நடந்த இரவுக்குப் பிறகு நான் மாற்கைத் தொடர்வதில்லை. சங்கீதம் 13 வாசிப்பேன். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறான் தாவீது. வேதத்துக்குள்ளேயே இப்படி ஒரு கேள்வி இருப்பதால்தான் நாமும் தைரியமாகக் கேட்கலாம் என்கிறேன். அந்த நாட்களில் நோட்டில் எதுவும் எழுத வேண்டாம். சத்தமாக வாசித்துவிட்டுத் தூங்குங்கள்.

நாள் தவறினால் என்ன செய்வது? விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். விட்டுப்போன நாட்களின் பகுதிகளைச் சேர்த்து வாசித்துக் கணக்கை நேராக்க வேண்டாம். தேதி போட்ட அட்டவணைகளை நான் குழுவில் கொடுக்காததற்கு இதுதான் காரணம். அட்டவணையில் பின்தங்கியவர் வாசிப்பையே விட்டுவிடுகிறார்.

வீட்டில் குடும்ப ஜெபம் இருந்தால் அன்றைய பகுதியை அங்கேயும் வாசியுங்கள். என் மாமிக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால் நான் டியூட்டி இல்லாத நாட்களில் பேரன் சத்தமாக வாசிப்பான். பிள்ளைகளிடம் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் "கீழ்ப்படிய வேண்டும்" என்று எந்தப் பகுதிக்கும் ஒரே பதில் வரும். "இதில் உனக்குப் பிடிக்காதவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது. கூரையைப் பிரித்த பகுதியைக் கேட்டுவிட்டு, "அந்த வீட்டுக்காரர்தான் பாவம், கூரையை யார் சரிபண்ணிக் கொடுத்தா?" என்றான் அவன். மாமி அன்று இரவு வெகு நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

மாற்கு முடிந்ததும் ரூத் வாசியுங்கள், நான்கு அதிகாரம். பிறகு பிலிப்பியர், அதுவும் நான்கு. அது சிறையில் இருந்தபடி பவுல் எழுதிய நிருபம், அதாவது கடிதம், என்பதை நினைவில் வைத்து, சந்தோஷம் வருகிற வசனங்களை எல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டே போங்கள். அடுத்து நாளுக்கு ஒன்றாகச் சங்கீதங்கள். 119 வரும்போது மட்டும் நிதானியுங்கள். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள், நாளுக்கு ஒரு பகுதி போதும். அதன் பிறகு யாத்திராகமம், அதைத் தொடர்ந்து எபிரெயர். எபிரெயர் 9, 10 அதிகாரங்களை வாசித்து, ஆசாரியரையும் பலிகளையும் பற்றிக் கடைசிப் பக்கத்தில் கேள்விகள் சேர்ந்தவுடன் லேவியராகமத்தைத் திறக்கலாம்.