வளைகுடாவுக்குப் போகிறீர்களா? கைப்பையில் குப்பி வைக்கும்போது செய்யும் தவறுகள்

மார்த்தாண்டம், கருங்கல், களியக்காவிளைப் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. லீவு முடிந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது தேங்காய் எண்ணெய், நெய், மார்த்தாண்டம் தேன், சூரை மீன் ஊறுகாய் என்று பெட்டி நிறைந்துவிடும். கவுண்டரில் எடை கூடுதல் என்று சொன்னதும் அங்கேயே பெட்டியைத் திறந்து, இரண்டு குப்பிகளை எடுத்துக் கைப்பையில் திணிப்பார்கள். பெரும்பாலான இழப்பு அங்கேதான் ஆரம்பம். அடுத்து நடக்கும் பாதுகாப்புச் சோதனையில் அந்தக் குப்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால், எவ்வளவு கெஞ்சினாலும் அது விமானம் ஏறாது. அம்மா அடுப்படியில் நின்று வறுத்துப் போட்ட ஊறுகாய் அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. எடையை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

"வீட்டில் செய்த சாமான் சார், இதில் என்ன இருக்கப்போகிறது?" என்று வாதாடுவது அடுத்த தவறு. 2006 ஆகஸ்டில் பிரிட்டனிலிருந்து அமெரிக்கா, கனடா செல்லும் விமானங்களை நடுவானில் தகர்க்கும் சதியை லண்டன் போலீஸ் பிடித்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த திரவ வெடிபொருளைக் குளிர்பான பாட்டிலில் கொண்டுபோவது அவர்கள் திட்டம். அதுவும் மூடியின் சீல் உடையாமலே. அதனால்தான் "சீல்கூடப் பிரிக்கவில்லை" என்று சொல்வது அங்கே எடுபடாது. வழக்கமான எக்ஸ்ரே திரையில் இரும்பு தனியாகத் தெரியும். ஆனால் தண்ணீரையும் அந்த மாதிரித் திரவத்தையும் பிரித்துச் சொல்வது கடினம். உள்ளே இருப்பது என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது, கொண்டுபோகும் அளவைக் குறைப்பதுதான் வழி. கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி அப்படி வந்தது.

பயம் அதற்கு முன்பே இருந்தது. 1987 நவம்பரில் வட கொரிய உளவாளிகள் இருவர், பாக்தாத்தில் ஏறிய கொரியன் ஏர் விமானத்தில் வெடிகுண்டோடு மதுபாட்டிலில் திரவ வெடிபொருளையும் வைத்துவிட்டு அபுதாபியில் இறங்கிக்கொண்டார்கள். பேங்காக் வரும் வழியில் அந்தமான் கடலுக்கு மேலே விமானம் சிதறி 115 பேர் இறந்தார்கள். 1994-ல் பிலிப்பைன்ஸ் விமானமொன்றில் கான்டாக்ட் லென்ஸ் திரவக் குப்பியில் நைட்ரோகிளிசரின் ஏறியது; ஒருவர் பலியானார். இப்படிப் பையை விட்டுவிட்டு இறங்கிவிடும் ஆபத்து இருப்பதால், இடையில் விமானம் நிற்கும் ஊரில் பணிப்பெண் வந்து, "இது யார் பை?" என்று கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள்.

சரி, விதிக்கு வருவோம். பலர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்: 100 மில்லி என்பது குப்பியின் அளவு. 200 மில்லி எண்ணெய்க் குப்பியில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் என்றாலும் அதை விடமாட்டார்கள். சின்னக் குப்பிகள் எல்லாமே ஒரு லிட்டர் கொள்ளும் உள்ளே இருப்பது தெரிகிற ஒரே ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், ஜிப் மூடும்படி அடங்க வேண்டும். ஊறுகாய், தேன், நெய், தயிர், பற்பசை, ஹேர் ஜெல் எல்லாமே அங்கே திரவக் கணக்குதான். நெய் உறைந்து கட்டியாக இருந்தாலும் அப்படித்தான். முந்திரிக்கொத்துக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் இந்தத் தொல்லை இல்லை. கைப்பையில் வைப்பதென்றால் அவற்றை வையுங்கள். குப்பிகளைப் பெரிய பெட்டியில், மூடியை டேப் ஒட்டி இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் கட்டி வையுங்கள். சாமானை மாற்றும்போது பவர் பேங்க் மட்டும் தவறியும் பெரிய பெட்டிக்குள் போய்விடக் கூடாது. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும், அதில் பயணியின் பெயரும் இருக்கட்டும்.

சென்னைக்குப் போனபோது தண்ணீர் பாட்டிலை விட்டார்களே என்று துபாய்க்கும் அதையே எதிர்பார்க்காதீர்கள். உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிதான். டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பாட்டிலை, வழியில் வேறு விமானம் மாறுவதென்றால், சீல் வைத்த கவரைப் பிரிக்காமல் பில்லோடு வைத்திருங்கள். ஐரோப்பாவில் சில விமான நிலையங்களில் புது சி.டி. ஸ்கேனர் வந்து 2 லிட்டர் வரை விடுகிறார்கள். நீங்கள் விமானம் ஏறும், மாறும் ஊர்களில் அந்தச் சலுகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: தேங்காய். கொப்பரையில் எண்ணெய் அதிகம். அடைத்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அதனால் கைப்பை, பெட்டி இரண்டிலும் கொப்பரைக்குத் தடை. சபரிமலைக்கு இருமுடியோடு போகிறவர்களுக்காக 2024 அக்டோபரில், 2025 ஜனவரி 20 வரை மட்டும், சோதனைக்குப் பிறகு தேங்காயைக் கையோடு கொண்டுபோக அனுமதித்தார்கள். ஒவ்வொரு சீசனுக்கும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. கற்பூரமும் தீப்பெட்டியும் வேண்டாம். கோயில் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, பக்கத்து வீட்டுப் பொதி. "நம்ம பயலுக்கு இதையும் கொண்டு கொடு மக்களே" என்று கட்டித் தருவார்கள். மறுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். என்ன மாத்திரை, எதற்கு என்று தெரியாத மருந்தையும், லேபிள் இல்லாத குப்பியையும் வாங்காதீர்கள். பெட்டி உங்கள் பெயரில் போகிறது; அங்கே இறங்கியதும் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.