காலையில் எந்தக் கோப்பில் முதலில் கை வைப்பது?

காலையில் இருக்கையில் உட்கார்ந்ததும் அடுக்கில் மேலே இருக்கிற கோப்பிலிருந்து தொடங்காதீர்கள். எங்கள் அரசு அலுவலகப் பிரிவில் புதிதாகச் சேரும் எழுத்தர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். நிலுவையில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அடுத்து யார் கைக்குப் போக வேண்டும் என்று குறியுங்கள்.

வேறு பிரிவின் கருத்து, நிதி ஒப்புதல், அதிகாரியின் கையெழுத்து என்று இன்னொருவர் கை பட வேண்டியவை முதல் ஒரு மணி நேரத்திலேயே கிளம்பிவிட வேண்டும். ஒரு பக்கக் கடிதம்தான். ஆனால் சாயங்காலம் அனுப்பினால் மறுநாள்தான் பிரித்துப் பார்ப்பார்கள்; அதற்குள் அதிகாரி வெளியூர் முகாமுக்குப் போய்விட்டால் அந்த வாரமே போச்சு. மாதாந்திர அறிக்கை மாதிரி நீங்களே தொடங்கி நீங்களே முடிக்கிற வேலை மத்தியானம் வரை காத்திருக்கும்.

அதைவிட முக்கியமானது, கோப்பு கேள்வியோடு திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது. ‘முந்தைய ஆணை எங்கே?’ என்று ஒரு வரி எழுதித் திருப்பினால், ஏறிய படிகளையெல்லாம் அது மறுபடி ஏற வேண்டும். கோப்பில் எழுதிய குறிப்பை மேலதிகாரிக்கு அனுப்பும் முன் பாருங்கள்: விதி எண் இருக்கிறதா, பழைய ஆணையின் நகல் அடையாளச் சீட்டு ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறதா, அதிகாரி என்ன முடிவெடுக்க வேண்டும் என்று கடைசிப் பத்தி தெளிவாகக் கேட்கிறதா? இதற்குச் செலவழிக்கும் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

கெடு இல்லாத வேலைக்கு நீங்களே ஒரு தேதி போடுங்கள். இருக்கிற நேரம் முழுவதும் வேலை நீளும் என்று 1955இல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் எழுதியது அரசு நிர்வாகத்தைக் கவனித்துத்தான். கெடு உள்ள வேலையிலும், மேலிடம் 30ஆம் தேதி கேட்டால், உங்கள் தாளில் 25 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், மனுவோடு வருபவரை இடைஞ்சலாக நினைக்க வேண்டாம். அவருக்காகத்தான் அந்த நாற்காலியே இருக்கிறது. ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லி அனுப்பினால் அவருக்கும் அலைச்சல், உங்களுக்கும் பதில் சொல்லியே பொழுது போகும். கோப்பு எங்கே இருக்கிறது, எந்தத் தேதிக்குள் நகரும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். சொன்ன தேதியில் முடியாது என்று தெரிந்தால், அவர் கிளம்பி வருவதற்கு முன் நீங்களே போன் செய்துவிடுங்கள்.

விடுப்பில் போகும்போது நிலுவைத் தாளைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்து, அவசரமானதை வட்டமிட்டுக் காட்டிவிட்டுப் போங்கள்.