டிவிடி பிளேயரைக் கணினியுடன் இணைப்பது எப்படி?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மழைக்காலம் வந்தால் பூட்டிய அலமாரிக்குள்ளும் ஈரம் புகுந்துவிடும். உறைக்குள் கிடக்கும் டிவிடியில் பூஞ்சை படரும். திருமணம், காதுகுத்து, ஹெத்தையம்மன் திருவிழா என்று ஒரே ஒரு பிரதியாக வீட்டில் இருக்கும் பதிவுகளை அடுத்த மழைக்கு முன்பே கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

முதலில் பிளேயர் தேவையா என்று பாருங்கள். கணினியில் டிவிடி டிரைவ் இருந்து, அது வட்டைப் படித்துவிட்டால் உள்ளே இருக்கும் 'வீடியோ டிஎஸ்' கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் போதும். தரம் துளியும் குறையாது; விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓடும். டிரைவ் இல்லாதவர்களுக்கும், டிரைவ் படிக்க மறுத்து பழைய பிளேயரில் மட்டும் ஓடும் வட்டுகளுக்கும்தான் கீழே உள்ள வழி.

பிளேயரிலிருந்து லேப்டாப்புக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டால் படம் வராது. லேப்டாப்பில் இருக்கும் அந்தத் துளை பொதுவாகப் படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே, உள்ளே வாங்காது. படத்தை வாங்கிக் கொடுக்க யூஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் உள்ளதையே வாங்குங்கள். பல பிளேயர்களின் ஹெச்டிஎம்ஐ வழியில் நகல் தடுப்பு இருப்பதால் பதிவில் கறுப்புத் திரைதான் மிஞ்சும். கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகளிலும் தடுப்பு உண்டு, காப்புரிமையும் உண்டு. இந்த முறை நம் சொந்தப் பதிவுகளுக்கு மட்டும்.

வட்டை மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது: தடத்தின் போக்கிலேயே விழும் கீறலைப் பிளேயரால் சமாளிக்க முடியாது. குளிரில் கிடந்த பிளேயரைக் கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால் உடனே ஓட்டாதீர்கள். லென்ஸில் நீர் பூத்திருக்கும், காய விடுங்கள்.

இனி இணைப்பு. பிளேயரின் பின்புறம் 'அவுட்' என்று எழுதிய துளைகளிலிருந்து நிறத்துக்கு நிறம் கேப்சர் கருவியில் செருகுங்கள். மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் ஒலி. கருவியை யூஎஸ்பியில் மாட்டி, ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். 'சோர்சஸ்' பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி, 'வீடியோ கேப்சர் டிவைஸ்' சேர்த்து, கருவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அளவு 720x576, வீடியோ முறை 'பால் பி'. இந்தியாவில் பதிவான வட்டுகள் பெரும்பாலும் இந்த முறையில்தான் இருக்கும். படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால் சந்தேகப்பட வேண்டியது இந்த இடத்தைத்தான். பிளேயரின் அமைப்புகளிலும் 'பால்' இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒலிக்குத் தனியாக 'ஆடியோ இன்புட் கேப்சர்' சேர்த்து, அதே கருவியின் ஒலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பீக்கரில் சத்தம் வராவிட்டால் பதறாதீர்கள். ஓபிஎஸ் அதை இயல்பாக ஒலிக்க விடாது. ஓபிஎஸ் திரையில் ஒலி அளவைக் காட்டும் பச்சைப் பட்டை அசைந்தால் ஒலி வருகிறது, பதிவிலும் சேரும்.

அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லைப் போலப் பிரிந்து தெரிந்தால், சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து 'டிஇன்டர்லேசிங்' பட்டியலில் 'யாடிஃப் 2எக்ஸ்' கொடுங்கள். ஆடுபவர்களின் கையும் காலும் தெளிந்துவிடும்.

பதிவு வடிவத்தை எம்கேவி என்றே வையுங்கள். காற்றுமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, மின்சாரம் சொல்லாமல் போகும் ஊர் இது. பாதியில் நின்றாலும் எம்கேவியில் அதுவரை பதிவானது பிழைக்கும். சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமலே போகலாம். முடிந்தபின் 'ஃபைல்' பட்டியலில் உள்ள 'ரீமக்ஸ்' வழியாக எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

'ஸ்டார்ட் ரெக்கார்டிங்' அழுத்திவிட்டுப் பிளேயரை ஓட விடுங்கள். முதலில் ஒரு நிமிடம் மட்டும் பதிந்து, படமும் ஒலியும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்த்த பிறகே முழுப் பதிவைத் தொடங்குங்கள். இரண்டு மணி நேர வட்டு என்றால் பதிவும் இரண்டு மணி நேரம் ஓடும். லேப்டாப் இடையில் தூங்கிவிடாதபடி அமைத்துவிடுங்கள். கிடைத்த கோப்பை வேறொரு ஹார்டு டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.