எண் மட்டும் உள்ள கப்பலின் கதையைத் தேடுவது எப்படி

இருபத்தாறு ஆண்டுகள் மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எண்ணை வைத்து எழுதுவதே பிழைப்பு. பெரியப்பாவின் படத்தில் வாய் பிளந்து நிற்கும் கப்பலுக்குப் பெயர் இல்லை, எண்தான் என்றபோது எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. எல்.எஸ்.டி. எனப்படும் டாங்கி இறக்கும் கப்பல்களை இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா மட்டும் 1,000-க்கு மேல் கட்டியது. அத்தனைக்கும் பெயர் தேட யாருக்கு நேரம்?

முதல் வேலை, எண்ணைச் சரியாகப் படிப்பது. எங்கள் படத்துக்குச் சட்டம் போட்டவர் பின்புற எழுத்தின்மேல் அட்டையைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார். நனைக்காதீர்கள், மை கலைந்துவிடும். மழுங்கிய பிளேடை ஓரத்தில் நுழைத்து, இழை இழையாக உரிக்க வேண்டும். எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. அப்படியும் கடைசி 8-ஐ 6 என்று படித்து, மூன்று வாரம் வேறொரு கப்பலின் பின்னால் அலைந்தேன்.

அடுத்து, வகை. 'எல்.சி.டி.' என்ற சிறிய படகுகளுக்கும் இதே எண்கள் உண்டு. முகப்பில் இரண்டு கதவுகள் பக்கவாட்டில் திறந்து, நடுவில் சாய்தளம் இறங்கினால் அது எல்.எஸ்.டி. அமெரிக்காவில் கட்டியதன் நீளம் 328 அடி. 3 என்று தொடங்கும் நான்கு இலக்க எண் இருந்தால், அது பிரிட்டனிலோ கனடாவிலோ கட்டியது. 1949-இல் நம் கடற்படைக்கு வந்த ஐ.என்.எஸ். மகர் அந்த வகைதான்.

பழகிப் பார்க்க எல்.எஸ்.டி. 325-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1942 அக்டோபரில் நீரில் இறங்கி, 1943 பிப்ரவரியில் பணியில் சேர்ந்தது. சிசிலி, சலெர்னோ, நார்மண்டி என்று போய்வந்து, 1964-இல் கிரேக்கத்துக்குக் கைமாறியது. இப்போது அமெரிக்காவின் எவன்ஸ்வில்லில் அருங்காட்சியகமாக நிற்கிறது. டிரிப் ஷீட் போல நாள், இடம், வேலை என்று மூன்று நெடுவரிசை போட்டு எழுதுங்கள். காலியாக விழும் கட்டங்களைத்தான் பிறகு தேட வேண்டும்.

பிரிட்டனுக்கு இரவல் போன அமெரிக்கக் கப்பல்களில்தான் கட்டங்கள் அதிகம் காலியாகும். அடுத்த டிப்போவுக்கு அனுப்பிய வண்டி மாதிரி, எண் மாறாது, ஏடு மாறிவிடும். அமெரிக்கக் கடற்படைக் குறிப்பில் கொடுத்த நாளும் திரும்பிய நாளும் தவிர அதிகம் இருக்காது. நடுவில் நடந்ததற்கு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தைத்தான் நாட வேண்டும்.

வீட்டுக் கதையைக் கடைசியில் சேருங்கள். பெரியப்பா ரங்கூனில் இறங்கியதாகத்தான் திருமங்கலத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ராணுவ லாரி ஓட்டிய அவரே சொன்னது வேறு: "ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. லாரிதான் அச்சு வரை புதைந்தது. கரைக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரம்." ரங்கூன் இறக்கம் 1945 மே 2-ஆம் தேதி நடந்தது. மலாயாவின் மோரிப் கடற்கரையில் இறங்கியது செப்டம்பர் 9, ஜப்பான் சரணடைந்த பிறகு. அந்தக் கரையின் இளகிய மண்ணில் வண்டிகள் வரிசையாகச் சிக்கின. ரங்கூன் என்று எழுதியிருந்த கட்டத்தைப் பென்சிலால் அடித்துவிட்டேன்.

மறுபடி சட்டம் போடக் கொடுத்தபோது, பின்னட்டைக்குப் பசை வேண்டாம், நான்கு ஆணி போதும் என்று பக்கத்திலேயே நின்று அடிக்க வைத்தேன்.