இழப்பு பூஜ்யம், ஆனாலும் குரல் உடைந்தது

ஏற்காட்டுக் காபித் தோட்ட அலுவலகத்திலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கிடங்குக்கு இணையவழித் தொலைபேசியில் பேசினால், காலையில் எங்கள் குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. "நூற்று இருபது மூட்டை" என்றால் "இருபது மூட்டை" என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் பேசுவதோ இங்கே கணீரென்று கேட்டது.

நான்கு நாள் வீண். முதலில் மழைமேல் பழி போட்டேன்; மலையில் அது எளிது. கேபிள், சுவிட்ச், ரிசீவர் எல்லாம் மாற்றினேன். பிங் சோதனையில், அதாவது சிறு தரவை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்ததில், இழப்பு 0 சதவீதம். அதையும் வேலை முடிந்த மாலையில்தான் பார்த்திருக்கிறேன், மடத்தனம்.

ஐந்தாம் நாள் காலை, இரு முனையிலும் வயர்ஷார்க் என்ற வலைப்போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் மென்பொருளில் ஒரே அழைப்பைப் பதிவு செய்து ஒப்பிட்டேன். குரலைத் தரவாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு), அதாவது நொடிக்கு 50. கிடங்கில் வரிசை எண் ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் சில பாக்கெட்டுகள் 150 மில்லிநொடி பிந்தி வந்தன. அங்கிருந்த போனில் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்துச் சீராக ஒலிக்கவிடும் ஜிட்டர் பஃபர் 60 மில்லிநொடிதான் காத்திருக்கும். அதற்குப் பின் வருவதைத் தூக்கி எறிந்துவிடும். போனின் புள்ளிவிவரப் பக்கத்தில் 'இழந்தவை'க்குக் கீழே 'தள்ளப்பட்டவை' என்று தனி வரியே இருந்தது. நான் மேல்வரியோடு நின்றுவிட்டேன்.

குற்றவாளி கண்காணிப்புக் கேமரா. இரவுப் பதிவைக் காலை ஒன்பது மணிக்கு மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றி, பதிவேற்றப் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. ரௌட்டரில் அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, டிஎஸ்சிபி 46 என்ற, தாமதம் கூடாது என்று காட்டும் குறியிட்ட குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை கொடுத்தேன். மறுநாள் காலை தள்ளப்பட்டவை 0. மூட்டைக் கணக்கும் ஒத்துப்போனது.