பழைய லாரிகளின் வரலாற்றைச் சேகரிப்பது எப்படி: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு செய்முறை

நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல்தான். அதுவரை இந்த மாவட்டத்துக்குள் வந்த சிமெண்டு மூட்டையும் இங்கிருந்து வெளியே போன ரப்பர் ஷீட்டும், வாழைக்குலையும், கருவாடும் பெரும்பாலும் லாரியை நம்பித்தான் இருந்தன. மேற்கே திருவனந்தபுரத்துக்கு ஒரு சாலை, வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருநெல்வேலிக்கு ஒரு சாலை. இந்த இரண்டிலும் ஓடிய லாரிகளைப் பற்றி யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது.

என் பாட்டா (தாத்தாவை நாங்கள் இப்படித்தான் அழைப்போம்) கோட்டாறு சந்தையிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கு லோடு அடித்தவர். எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்ததோ அவர் போன பிறகு. அதனால் வழக்கமான வரிசையை மாற்றிச் சொல்கிறேன்: முதலில் ஆள், அப்புறம் காகிதம், கடைசியில்தான் இரும்பு. துருப்பிடித்த லாரி இன்னும் பத்து வருஷம் புளியமரத்தடியில் நிற்கும். எண்பது வயது டிரைவர் அப்படி நிற்க மாட்டார்.

படி 1: ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்

"குமரி மாவட்ட லாரிகள்" என்று தொடங்கினால் மூன்றாம் மாதம் விட்டுவிடுவீர்கள். உங்கள் தெருவில் யாரோ வைத்திருந்த ஒரு லாரி போதும். அதற்கென ஒரு நோட்டு வாங்குங்கள். யார் வாங்கினார்கள், யார் ஓட்டினார்கள், என்ன ஏற்றினார்கள், கடைசியில் எங்கே போனது: இந்த நான்கு கேள்விகளுக்கும் பக்கம் ஒதுக்குங்கள். பதில் தெரியாத பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

படி 2: டிரைவரிடம் உட்காருங்கள்

போனில் பதிவு செய்தாலே போதும். ஆனால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கேட்கும்போது அதன் இரைச்சல்தான் முன்னால் நிற்கும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். "பதிவு செய்யலாமா, இதை மற்றவர்களுக்குக் காட்டலாமா" என்று முதலிலேயே கேட்டு, அந்தச் சம்மதமும் பதிவில் இருக்கும்படி செய்யுங்கள். தேதியையும் ஊரையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பழைய டிரைவரிடம் நான் முதல்முறை போனபோது, "அந்தக் காலத்துல லாரி ஓட்டுறது எப்படி இருந்தது பாட்டா?" என்று கேட்டேன். "கஷ்டந்தான் மக்களே" என்றார். அவ்வளவுதான், பேட்டி முடிந்தது. அடுத்த வாரம் போய், "முப்பந்தல் காற்றுல தார்ப்பாய் பறக்காம எப்படிக் கட்டுவீங்க?" என்று கேட்டேன். நாற்பது நிமிஷம் பேசினார். கயிறு போடுகிற முடிச்சை என் துண்டில் கட்டிக் காட்டினார். இன்று காற்றாலைகள் சுற்றும் அந்த இடத்தில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காலி லாரியையே பிடித்து ஆட்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஆகவே பொருளைப் பிடித்துக் கேளுங்கள். ஏற்றத்தில் வண்டி நின்றால் கிளீனர் டயருக்கு அடியில் என்ன வைப்பான்? ரேடியேட்டருக்குத் தண்ணீர் எந்த ஊரில்? ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது கட்டைவிரலை ஏன் மடக்கக் கூடாது? (இன்ஜின் திருப்பி அடித்தால் விரல் முறியும். எல்லா விரலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.) ஒரு பழைய ஸ்பேனரோ ஹாரனோ கையில் கொடுத்துப் பாருங்கள், நினைவு தானாக வரும்.

ஆண்டைக் கேட்காதீர்கள். யாருக்கும் சரியாக நினைவிருக்காது. "விவேகானந்தர் பாறையில் மண்டபம் திறந்ததற்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். முன்னாடி என்றால் 1970க்கு முன். "ரயில் வந்துவிட்டதா?" என்ற கேள்விக்கு எல்லை 1979. "நாம் திருவிதாங்கூரோடு இருந்த காலமா?" என்றால் 1956 நவம்பருக்கு முன். இந்த மூன்று முளைகளை அடித்துவிட்டால் மற்றதைக் கட்டிவிடலாம்.

வீட்டுப் பாட்டியை விட்டுவிடாதீர்கள். முதல் தவணைக்கு எந்த நகை அடகுக்குப் போனது என்பது டிரைவருக்கு மறந்திருக்கும், அவருக்கு மறந்திருக்காது.

படி 3: காகிதங்களைத் தேடுங்கள்

முதலில் ஆர்.சி. புத்தகம். சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண், இன்ஜின் எண், தயாரிப்பு ஆண்டு, காலி எடை, பாரத்தோடு எடை, கைமாறிய உரிமையாளர்கள் என ஒரு வண்டியின் ஜாதகமே அதில் இருக்கும். அடுத்து பெர்மிட், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), டிரிப் ஷீட், பெட்ரோல் பங்க் பில், பட்டறைச் சீட்டு. பட்டறைச் சீட்டைக் குப்பை என்று நினைக்காதீர்கள். எந்த மாதம் ஸ்பிரிங் பட்டை உடைந்தது என்று பார்த்தால், எவ்வளவு கூடுதல் பாரம் ஏற்றினார்கள் என்பதை ஊகிக்கலாம்.

நம்பர் பிளேட்டும் பேசும். டிஎன் 74 நாகர்கோவில், டிஎன் 75 மார்த்தாண்டம் என்று நமக்குத் தெரியும். இந்த முறை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தோடு வந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1989 ஜூலையில். அதற்கு முன் ஆங்கில டி எழுத்தில் தொடங்கும் மூன்று எழுத்துகள் இருக்கும். அதற்கும் முன்னால், 1969இல் மாநிலத்தின் பெயர் மாறும்வரை, மெட்ராஸ் மாநிலத்து எண்கள் ஆங்கில எம் எழுத்தில் தொடங்கின. படத்தில் பிளேட் அரைகுறையாகத் தெரிந்தாலும் காலத்தைத் தோராயமாகப் பிடித்துவிடலாம்.

1956க்கு முந்தைய அரசு ஆவணம் வேண்டுமென்றால் சென்னைக்கு ஓடாதீர்கள். அப்போது நாம் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி. திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தில்தான் முதலில் கேட்க வேண்டும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 4: வண்டியை அடையாளம் காணுங்கள்

எனக்குப் பிடித்த படி இது, கொஞ்சம் நீளும்.

எண்ணூரில் ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்தது. லேலண்டோடு கைகோத்து காமெட் லாரியைப் பூட்டத் தொடங்கியது 1950களின் தொடக்கத்தில். அசோக் லேலண்ட் என்ற பெயர் 1955இல் வந்தது. டாட்டாவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் சேர்ந்தது 1954இல். 1969 வரை அந்த லாரிகளின் முகத்தில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது, அப்புறம் டாட்டாவின் டி எழுத்து வந்தது. ஆனால் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து ஆண்டு சொல்லிவிடாதீர்கள். ஆசைக்காக வாங்கி ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ என்ற பெயர்களில் லாரி விற்றது. மூன்றும் கிறைஸ்லர் குடும்பம். பெயர்ப்பலகைதான் வேறு, உள்ளே கிட்டத்தட்ட ஒரே வண்டி. "எங்க வீட்டுல இருந்தது டாட்ஜ் இல்ல, ஃபார்கோ" என்று யாராவது சண்டைக்கு வந்தால் சிரித்துவிட்டு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ஃபோர்டு கொடுத்தது.

ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருக்கும், வண்டியில் டீசல் இன்ஜின் இருக்கும். திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். டீசல் மலிவு என்பதால் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, சென்னை சிம்சன் தயாரித்த பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைப் பொருத்திக்கொள்வது அந்தக் காலத்தில் சாதாரணம். அந்த மாற்றம் நடந்த பட்டறையும் செலவும் உங்கள் நோட்டில் வர வேண்டிய செய்தி.

இன்னொன்று. அன்று லாரிகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து கேபினே இல்லாமல்தான் வந்தன. டிரைவர் வெயிலிலும் மழையிலும் வெறும் சேசிஸை ஓட்டிக்கொண்டு வருவார். கேபினும் பாடியும் கட்டியது மரத்தச்சரும் பெயிண்டரும். ஆகவே ஒரே மாடல் லாரி இரண்டு ஊரில் இரண்டு முகத்தோடு இருக்கும். கம்பெனியைக் கண்டுபிடித்துவிட்டு நிற்காமல், பாடி கட்டிய பட்டறை எது, எழுத்து எழுதியது யார் என்றும் தேடுங்கள்.

படி 5: காகிதத்தையும் படத்தையும் காப்பாற்றுங்கள்

நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டாவின் பெர்மிட்டை லேமினேட் செய்தேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. அப்புறம் உள்ளே ஈரம் சிக்கி மஞ்சள் திட்டு பரவியது. பிரிக்கவும் முடியாது. லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப்பும் வேண்டாம்.

படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். குறிப்பு எழுதினால் மென்மையான பென்சிலால், ஓரத்தில். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேரும். ஆகவே காகிதத்தைச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மாதம் ஒருமுறை திறந்து இராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா பாருங்கள்.

படி 6: இரும்பைத் தொடும்போது

வண்டியைக் கழுவும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பெயிண்டைச் சுரண்டாதீர்கள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். அடியில் பழைய முதலாளியின் பெயர் இருக்கலாம். சேசிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் விழும். ஆர்.டி.ஓ. வேலைக்குச் செய்வதுதான். மரக் கேபினில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

வண்டியையே வாங்கி ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதி, 50 ஆண்டுகள் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். லாரி அதில் இல்லை. அதனால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். உடைக்கப் போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய், உரிமையாளரிடம் கேட்டு, பெயர்த்தகட்டையும் ஸ்டீரிங்கையும் ரசீதோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: பெயர் வைத்து, பிரதி எடுங்கள்

ஆண்டு, ஊர், வண்டி, பொருள் என்ற வரிசையில் கோப்புக்குப் பெயர் வையுங்கள். ஒரு பிரதி கணினியில், ஒன்று ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறொரு வீட்டில். நான்காவதைப் பென்டிரைவில் போட்டு, பேச்சைக் கொடுத்த டிரைவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். தார்ப்பாய் முடிச்சுப் பாட்டாவின் வீட்டில் அதை டிவியில் போட்டுப் பார்த்தார்களாம். முடிச்சை நான் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று மறுநாளே போன் வந்தது.